சிகரெட் பிராண்ட் ஒன்றின் வரலாற்றை எழுதுவது எப்படி? லக்கி ஸ்டிரைக்கை முன்வைத்து ஒரு வழிகாட்டி

சிகரெட் பிராண்ட் ஒன்றின் வரலாற்றை எழுத உட்காருபவருக்குத் தகவலுக்குப் பஞ்சம் இருக்காது. பெயர் வந்த கதை, பாக்கெட்டின் நிறம் மாறிய கதை, போர்முனையில் சிப்பாயின் சட்டைப்பையில் இருந்த கதை என்று சுவையான செய்திகள் கைக்கெட்டும் தூரத்தில் குவிந்து கிடக்கும். சிக்கல் என்னவென்றால், அவற்றில் பெரும்பகுதியை அந்த நிறுவனமோ அது அமர்த்திய விளம்பர முகமையோதான் முதலில் எழுதி, அச்சடித்து, ஊரெங்கும் பரப்பியிருக்கும். அவற்றை அப்படியே கோத்துக் கொடுத்தால், எழுதியவர் அறியாமலேயே அது இன்னொரு விளம்பரமாகிவிடும். எனவே ஒவ்வொரு கதையையும் கையில் எடுக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள்: இதை முதலில் சொன்னவர் யார், அப்படிச் சொல்வதற்குப் பணம் கொடுத்தவர் யார்? இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான் செல்கிறது.

எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் லக்கி ஸ்டிரைக்கை எடுத்துக்கொள்கிறேன். அதன் விளம்பரங்கள் நன்றாகச் சேகரிக்கப்பட்டுள்ளன. உரிமையாளர்களின் உள் ஆவணங்கள் வழக்குகளின் விளைவாகப் பொதுமக்கள் பார்வைக்கு வந்துள்ளன. அதைப் பற்றிய கட்டுக்கதைகளும் ஏராளம். முதன்முதலாக இத்தகைய வரலாறு எழுதுபவர், இந்த மூன்றும் ஒருங்கே அமைந்த பிராண்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

உரிமை கைமாறிய வரிசையை முதலில் எழுதுங்கள்

விளம்பரங்களைத் தேடுவதற்கு முன்பு, பிராண்ட் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். லக்கி ஸ்டிரைக் என்ற பெயரை வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரைச் சேர்ந்த ஆர். ஏ. பேட்டர்சன் 1871-இல் மெல்லும் புகையிலைக்குச் சூட்டினார். 1905-இல் அது அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியின் கைக்கு வந்தது. சிகரெட்டாக வெளிவந்தது 1916-இல்தான். ஆகவே "1871 முதல் விற்பனையாகும் சிகரெட்" என்று எழுதினால் அது பிழை. பெயருக்கு ஒரு வயது, பொருளுக்கு ஒரு வயது. பழைமை நிறுவனங்களுக்குப் பெருமை சேர்ப்பதால், இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடும் பழக்கம் வணிக வரலாறுகளில் மலிந்து கிடக்கிறது.

1916 என்ற ஆண்டுக்கும் காரணம் உண்டு. ஜேம்ஸ் பான்சாக் 1881-இல் காப்புரிமை பெற்ற சிகரெட் சுற்றும் இயந்திரத்தைப் பயன்படுத்தி வளர்ந்த ஜேம்ஸ் பியூகேனன் டியூக், 1890-இல் போட்டி நிறுவனங்களை இணைத்து அமெரிக்கன் டொபாக்கோவை உருவாக்கினார். அந்த ஏகபோகத்தை 1911-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உடைத்துப் பிரித்தது. பிரிந்து வந்த ஆர். ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனம் 1913-இல் கேமல் சிகரெட்டை வெளியிட்டு நாடு முழுவதும் விற்றுக் காட்டியபோது, அதற்குப் பதிலடியாக அமெரிக்கன் டொபாக்கோ தன்னிடமிருந்த பழைய பெயர் ஒன்றைத் தூசு தட்டி எடுத்தது. நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்லாமல் பிராண்டின் பிறப்பைச் சொன்னால், அது ஏதோ ஒரு தனிமனிதரின் திடீர் யோசனைபோலத் தோன்றிவிடும்.

பிற்கால வரிசை வேறொரு வகையில் பயன்படும். 1994-இல் அமெரிக்கன் டொபாக்கோ, பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் துணை நிறுவனமான பிரவுன் அண்ட் வில்லியம்சனுக்கு விற்கப்பட்டது. 2004-இல் பிரவுன் அண்ட் வில்லியம்சனின் அமெரிக்க வணிகம் ரெனால்ட்ஸுடன் இணைந்து ரெனால்ட்ஸ் அமெரிக்கன் ஆனது. 2017-இல் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ அந்த நிறுவனத்தை முழுவதுமாக வாங்கியது. கேமலை வீழ்த்தப் பிறந்த பிராண்டும் கேமலும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்த கதை இது. உரிமை மாறும்போது கோப்புகளும் கைமாறும்; ஒரு நிறுவனத்தின் பெயரில் கிடைக்காத கடிதம் அதை விழுங்கிய நிறுவனத்தின் பெயரில் கிடைக்கலாம் என்பதால், இந்தத் தாளைத் தேடல் முடியும்வரை அருகிலேயே வைத்திருங்கள்.

ஒரு விளம்பரத்தை எப்படி வாசிப்பது

அடுத்த வேலை, விளம்பரங்களை ஆண்டு வாரியாக அடுக்குவது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் புகையிலை விளம்பரங்களுக்கென்றே ஒரு பெரிய சேகரிப்பு உள்ளது, இணையத்திலும் பார்க்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் இதழின் பெயர், வெளியான மாதம், ஆண்டு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தேதி இல்லாத விளம்பரம் அழகான படம் மட்டுமே. அதைச் சான்றாக வைக்க முடியாது.

தேதி ஏன் முக்கியம் என்பதற்கு "இட்ஸ் டோஸ்டட்" என்ற முழக்கமே போதும். புகையிலையை வாட்டிப் பதப்படுத்துவதாகச் சொன்ன இந்த வாசகத்தை நிறுவனம் 1917-இலேயே பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. ஆனால் 2007-இல் ஒளிபரப்பான மேட் மென் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முதல் பகுதியில், 1960-இல் ஒரு விளம்பர முகமை அதிகாரி கூட்டத்தின் நடுவே அதைச் சட்டென்று கண்டுபிடிப்பதாகக் காட்டப்பட்டது. தொடர் புனைவுதான், அதில் குற்றமில்லை. அதைப் பார்த்தவர்கள் வரலாறாக எடுத்துக்கொண்டு மேற்கோள் காட்டத் தொடங்கியதுதான் வம்பு. இதில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. வெப்பத்தால் உலர்த்துவது லக்கி ஸ்டிரைக்குக்கு மட்டும் உரிய முறையல்ல. மற்ற சிகரெட்டுகளின் புகையிலையும் வெப்பத்தில் பதப்படுத்தப்பட்டதுதான். எல்லோரும் செய்வதை ஒருவர் மட்டும் உரக்கச் சொன்னார். முழக்கங்களைப் பற்றி எழுதும்போது, "இது உண்மையா" என்பதோடு "இது இவர்களுக்கு மட்டும் உண்மையா" என்றும் கேளுங்கள்.

இனி 1930-இல் வெளியான ஒரு விளம்பரத்தை நிதானமாகப் பார்ப்போம். 20,679 மருத்துவர்கள் லக்கி ஸ்டிரைக் தொண்டையை உறுத்துவது குறைவு என்று சொல்வதாக அதன் தலைப்பு அறிவித்தது. வெள்ளைக் கோட் அணிந்த மருத்துவர் ஒருவர் சிகரெட் பாக்கெட்டை ஏந்தியபடி சிரிக்கிறார். சிறிய எழுத்தில், அந்த எண்ணிக்கையைக் கணக்குத் தணிக்கை நிறுவனம் ஒன்று சரிபார்த்துச் சான்றளித்திருப்பதாக ஒரு வரி இருக்கிறது. அவசரமாக வாசிப்பவர் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்குப் போய்விடுவார்: அக்காலத்து மருத்துவர்கள் அறியாமையில் இருந்தார்கள் என்பது ஒன்று, எண்ணிக்கை பச்சைப்பொய் என்பது மற்றொன்று. இரண்டும் அவசரத் தீர்ப்புகள். 1920-களின் பிற்பகுதியில் நிறுவனத்தின் விளம்பர முகமை மருத்துவர்களுக்குச் சிகரெட்டுகளை இலவசமாக அனுப்பி, கூடவே கேள்வித்தாளையும் வைத்தது. வாட்டிப் பதப்படுத்துவதால் தொண்டை உறுத்தல் குறைய வாய்ப்புண்டா என்ற போக்கில் அமைந்த கேள்வி அது. ஆம் என்ற பதிலை நோக்கி வழிகாட்டும் கேள்வி. தணிக்கையாளர் சரிபார்த்தது அப்படி வந்த பதில்களின் எண்ணிக்கையை மட்டுமே. கேள்வி நேர்மையானதா, எத்தனை பேருக்கு அனுப்பப்பட்டது, பதில் சொல்லாதவர்கள் எத்தனை பேர் என்பனவற்றுக்கு அந்தச் சான்றிதழ் பொறுப்பேற்கவில்லை.

எனவே விளம்பரத்தில் எண் ஒன்றைக் கண்டால், அந்த எண் எதை எண்ணியது, எண்ணியவருக்கு ஊதியம் தந்தவர் யார், கேள்வி எந்தச் சொற்களில் கேட்கப்பட்டது என்பதை உங்கள் உரையிலேயே எழுதிவிடுங்கள். அப்போது வாசகருக்கு அந்த விளம்பரத்தின் சாமர்த்தியமும் புரியும், அதன் ஓட்டையும் தெரியும்.

பிரபலங்களின் சான்றுரைகளுக்கும் இதே முறைதான். 1928-இல் அட்லாண்டிக் பெருங்கடலை விமானத்தில் கடந்த முதல் பெண் அமீலியா இயர்ஹார்ட். அவருடைய பெயரில் வந்த லக்கி ஸ்டிரைக் விளம்பரத்தின் வாசகத்தைக் கூர்ந்து பாருங்கள்: அவர் பயணம் செய்த ஃபிரண்ட்ஷிப் விமானத்தில் எடுத்துச் செல்லப்பட்ட சிகரெட் லக்கி ஸ்டிரைக் என்று மட்டுமே அது கூறுகிறது. அவர் புகைத்தார் என்று சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, ஏனெனில் அவருக்குப் புகைபிடிக்கும் பழக்கமே கிடையாது. தமக்குக் கிடைத்த பணத்தை அவர் ரிச்சர்ட் பேர்டின் அண்டார்டிக் பயணத்துக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டார். ஆயினும் அந்த விளம்பரத்தின் காரணமாக, அவருக்குப் பணி தருவதாக இருந்த ஒரு மகளிர் இதழ் பின்வாங்கியது. அக்காலத்தில் ஒரு பெண்ணின் பெயர் சிகரெட்டோடு சேர்வதற்குச் சமூகம் என்ன விலை வைத்திருந்தது என்பதைக் காட்ட, பக்கம் பக்கமாக விளக்குவதைவிட இந்த ஒரு நிகழ்ச்சி போதும். திரைநட்சத்திரங்களின் கணக்கு தனி: 1937-38-இல் மட்டும் அமெரிக்கன் டொபாக்கோ அவர்களின் சான்றுரைகளுக்காக 2,18,750 டாலர் கொடுத்ததை, பிற்காலத்தில் வெளிவந்த ஒப்பந்த ஆவணங்களைக் கொண்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர்.

புகழ்பெற்ற கதைகளைச் சோதித்தல்

எந்த பிராண்டுக்கும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் மூன்று நான்கு கதைகள் இருக்கும். அவற்றை ஒதுக்கிவிடவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். லக்கி ஸ்டிரைக்கைப் பொறுத்தவரை, கதைகளின் ஊற்றுக்கண் பெரும்பாலும் இரண்டு பேர். ஒருவர், 1925 முதல் 1946-இல் இறக்கும்வரை நிறுவனத் தலைவராக இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் ஹில். மற்றவர், அவர் பணியமர்த்திய மக்கள் தொடர்பு ஆலோசகரும் சிக்மண்ட் ஃபிராய்டின் உறவினருமான எட்வர்ட் பெர்னேஸ். இருவரும் பேச்சில் வல்லவர்கள். தங்கள் பங்கைக் குறைத்துச் சொல்லும் வழக்கம் இருவருக்கும் இருந்ததில்லை.

இனிப்புக்குப் பதிலாக ஒரு லக்கியை எடுங்கள் என்ற விளம்பர வரிசை 1928-இல் தொடங்கியது. உடல் மெலிவை விரும்பிய பெண்களைக் குறிவைத்த அந்த வாசகம், பருமனான பெண் ஒருவர் இனிப்பு தின்பதையும் மெலிந்த பெண் ஒருவர் புகைப்பதையும் தெருவில் ஒருசேரப் பார்த்தபோது தமக்குத் தோன்றியதாக ஹில் சொன்னார். இத்தகைய கதையைச் சரிபார்க்க வழியே இல்லை. ஆகவே "ஹில் கூறியபடி" என்ற அடையோடு ஒரே வரியில் முடித்துவிடுங்கள். மாறாக, மிட்டாய்த் தயாரிப்பாளர்கள் கொதித்தெழுந்ததும், பின்னர் விளம்பரத்திலிருந்து இனிப்பு என்ற சொல் நீக்கப்பட்டதும் அச்சில் பதிவானவை. அவற்றுக்கு இடம் கொடுங்கள்.

1929 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் நடைபெற்ற ஊர்வலத்தில் இளம்பெண்கள் சிலர் வெளிப்படையாகச் சிகரெட் புகைத்தபடி நடந்தார்கள். அந்தச் சிகரெட்டுகளுக்குச் "சுதந்திரச் சுடர்கள்" என்று பெயரிடப்பட்டது. பெண்ணுரிமைச் செயலாக முன்வைக்கப்பட்ட இந்நிகழ்ச்சியை ஹில்லுக்காகத் திட்டமிட்டவர் பெர்னேஸ், உளப்பகுப்பாய்வாளர் ஏ. ஏ. பிரில்லிடம் ஆலோசனை பெற்றே அந்தத் தொடரைக் கையாண்டார். ஏற்பாட்டின் பின்னால் ஒரு சிகரெட் நிறுவனம் இருப்பது காதும் காதும் வைத்தாற்போல் மறைக்கப்பட்டது. மறுநாள் நியூயார்க் டைம்ஸில் செய்தியும் வந்தது.

அந்த ஒரே நாளில் பெண்கள் புகைப்பதற்கு எதிரான தடை தகர்ந்தது என்று பல கட்டுரைகள் எழுதிவிடுகின்றன. இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். முதல் உலகப் போருக்குப் பின்பே நகர்ப்புறப் பெண்களிடையே சிகரெட் பழக்கம் வளரத் தொடங்கியிருந்தது. இனிப்பு விளம்பரமே அந்த ஊர்வலத்துக்கு முந்தையது. ஊர்வலத்தின் தாக்கத்தைப் பற்றிய பெரிய கூற்றுகளில் பல பெர்னேஸின் பிற்கால நினைவுகளிலிருந்தே வருகின்றன. இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்கு மூன்று சான்றுகளைத் தனித்தனியே வைத்துப் பாருங்கள்: மறுநாள் நாளிதழ் என்ன எழுதியது, அப்போதைய கடிதப் போக்குவரத்தில் என்ன இருக்கிறது, சம்பந்தப்பட்டவர் பல ஆண்டுகள் கழித்து என்ன சொன்னார். பெர்னேஸின் தாள்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன என்பதால் இந்த ஒப்பீடு கைகூடக்கூடியதே. மூன்றும் ஒத்துப்போகும் அளவுக்கு மட்டும் உறுதியாக எழுதுங்கள்.

பாக்கெட்டும் அதன் நிறமும்

லக்கி ஸ்டிரைக்கின் பழைய பாக்கெட் பச்சை நிறம். நடுவே சிவப்பு வட்டம். அந்தப் பச்சை தங்கள் உடையோடு பொருந்தவில்லை என்று பெண்கள் கருதியதாக நிறுவனத்துக்குத் தெரியவந்தபோது, பாக்கெட்டை மாற்ற ஹில் சம்மதிக்கவில்லை. பாக்கெட்டை மாற்ற முடியாவிட்டால் நாகரிகத்தை மாற்றிவிடலாம் என்று பெர்னேஸ் இறங்கினார். 1934-இல் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் மருத்துவமனை ஒன்றுக்கு நிதி திரட்டுவதற்காகப் பச்சை நடன விருந்து நடந்தது. அந்த ஆண்டின் நிறம் பச்சைதான் என்று ஆடை வணிகர்களும் நாகரிக இதழாளர்களும் பேசும்படி செய்யப்பட்டது. ஒரு பொருளை விற்பதற்காக ஊரின் ரசனையையே திருப்ப முயன்ற இந்தத் துணிச்சல், என் பார்வையில் ஊர்வலத்தைவிடவும் விரிவாக எழுதத்தக்கது. ஆனால் ஊர்வலத்துக்குக் கிடைத்த புகழில் கால்பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை.

1942-இல் பாக்கெட் வெள்ளையானது. "லக்கி ஸ்டிரைக்கின் பச்சை போருக்குப் போய்விட்டது" என்று வானொலியில் ஓயாமல் அறிவித்தார்கள். பச்சை மைக்கு வேண்டிய குரோமியத்தைப் படைக்காகத் துறந்தோம் என்பது விளக்கம். இது நாட்டுப்பற்றின் கதையாக இன்றும் உலவுகிறது. ஆனால் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியை ஹில் அணுகியது 1940-இல். அமெரிக்கா போரில் இறங்கியதோ 1941 டிசம்பரில். பாக்கெட்டை மேம்படுத்த முடியுமா என்று இருவரும் 50,000 டாலர் பந்தயம் கட்டியதாக லோவி சொல்லிவந்தார். வெள்ளைப் பாக்கெட் பெண்களுக்குப் பிடிக்கும், அச்சுச் செலவும் குறையும் என்ற கணக்கு முன்பே இருந்தது. போர் அதற்கு ஒரு நல்ல காரணத்தைக் கொடுத்தது. இதைக் கண்டுபிடிக்க ரகசிய ஆவணம் எதுவும் தேவையில்லை, இரண்டு ஆண்டுகளை அருகருகே எழுதினாலே போதும். அந்த அறிவிப்பு எவ்வளவு சலிப்பூட்டியது என்பதற்கும் பதிவு உண்டு: லக்கி ஸ்டிரைக்கின் ஆதரவில் வானொலியில் நடந்த இன்ஃபர்மேஷன் பிளீஸ் என்ற வினாடிவினா நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் டான் கோலன்பால் அதை எதிர்த்ததால், நிகழ்ச்சிக்கும் நிறுவனத்துக்கும் இருந்த உறவே முறிந்தது.

பழைய பாக்கெட்டோ அதன் தெளிவான படமோ கிடைத்தால், காலத்தைக் கணிக்க உதவும் அடையாளங்கள் அதிலேயே இருக்கும். அக்கால அமெரிக்கப் பாக்கெட்டுகளின் தலைப்பகுதியில் குறுக்கே நீலநிற வரி முத்திரை ஒட்டப்பட்டிருக்கும். அதில் ஒரு தொடர் எண் அச்சாகியிருக்கும். அந்த எண்ணோடு 1830-ஐக் கூட்டினால் முத்திரையின் ஆண்டு கிடைக்கும். தொடர் 112 என்றிருந்தால் 1942. முத்திரை அச்சான பிறகுதான் பாக்கெட்டில் ஒட்டப்படும் என்பதால், "1942-க்கு முந்தியது அல்ல" என்று எழுதுவதே பாதுகாப்பானது. 1950-களுக்குப் பிந்தைய பாக்கெட்டுகளுக்கு எச்சரிக்கை வாசகம் உதவும்: வாசகமே இல்லையென்றால் 1966-க்கு முந்தியது, புகைப்பது தீங்கு விளைவிக்கக்கூடும் என்ற மென்மையான வாசகம் இருந்தால் 1966-க்கும் 1970-க்கும் இடைப்பட்டது, ஆபத்தானது என்று தலைமை மருத்துவ அதிகாரி உறுதிசெய்துள்ளார் என்றிருந்தால் 1970 முதல் 1985 வரையிலானது, அதன்பின் நான்கு வாசகங்கள் மாறி மாறி வந்தன. இந்த முறை அமெரிக்காவில் விற்கப்பட்டவற்றுக்கு மட்டுமே பொருந்தும். ஏற்றுமதிப் பாக்கெட்டுகளுக்கும் படைவீரர்களுக்கான சிறு பாக்கெட்டுகளுக்கும் இதைப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

போரும் வானொலியும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படையினரின் உணவுப் பொட்டலங்களிலேயே சிகரெட்டுகள் வைக்கப்பட்டன. லக்கி ஸ்டிரைக் அவற்றுள் ஒன்று. பிரான்சின் லே ஆவ்ர் துறைமுகத்தைச் சுற்றி 1944 முதல் அமைந்த படை முகாம்களுக்குச் சிகரெட் பிராண்டுகளின் பெயர்களே சூட்டப்பட்டன. அவற்றில் கேம்ப் லக்கி ஸ்டிரைக் பெரியது. ஊர் திரும்பும் வீரர்களும் விடுவிக்கப்பட்ட போர்க்கைதிகளும் அதன் வழியாகக் கப்பலேறினார்கள். போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் 1948 ஜூன் நாணயச் சீர்திருத்தம் வரும்வரை அமெரிக்கச் சிகரெட் பணம்போலவே கைமாறியது. இப்பகுதியைச் சுருக்கமாக எழுதினாலும், சிகரெட்டை இலவசமாகக் கொடுத்தது யாருக்கு லாபமாக முடிந்தது என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்: போர் முடிந்தபோது புகைக்கும் பழக்கமுள்ள ஒரு தலைமுறையே வீடு திரும்பியது.

வானொலிக்குக் காதால் வேலை செய்ய வேண்டும். 1935-இல் தொடங்கிய யுவர் ஹிட் பரேட் என்ற பாட்டு நிகழ்ச்சி லக்கி ஸ்டிரைக்கின் ஆதரவில் நடந்தது. பின்னர் தொலைக்காட்சிக்கும் சென்றது. புகையிலை ஏலம் கூறுபவர் மூச்சுவிடாமல் விலையை அடுக்கிக்கொண்டே போய், இறுதியில் அமெரிக்கனுக்கு, அதாவது அமெரிக்கன் டொபாக்கோவுக்கு, விற்றாயிற்று என்று முடிக்கும் குரல் அந்த விளம்பரங்களின் முத்திரையாக இருந்தது. எழுத்துப் பிரதியில் அது பொருளற்ற அசைகளின் கோவையாகத் தெரியும். ஒலிப்பதிவைக் கேட்டால்தான் அது ஏன் மக்கள் வாயில் ஒட்டிக்கொண்டது என்று விளங்கும். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

நோயைக் கடைசிப் பத்திக்குத் தள்ளாதீர்கள்

பிராண்ட் வரலாறுகள் பலவற்றில் புற்றுநோய் கடைசியில் ஒரு சம்பிரதாய வரியாக வந்துபோகும். இது கால வரிசைப்படியே தவறு. நுரையீரல் புற்றுநோய்க்கும் புகைபிடித்தலுக்குமான தொடர்பைக் காட்டிய ஆய்வுகள் 1950-இல் அமெரிக்காவில் வைண்டர், கிரஹாம் ஆகியோராலும் பிரிட்டனில் டால், பிராட்ஃபோர்ட் ஹில் ஆகியோராலும் வெளியிடப்பட்டன. 1953 டிசம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் சிகரெட் நிறுவனத் தலைவர்கள் கூடினார்கள். அக்கூட்டத்துக்கு முன்முயற்சி எடுத்தவர் அப்போதைய அமெரிக்கன் டொபாக்கோ தலைவர் பால் ஹான். அதன் விளைவாக 1954 ஜனவரி 4-ஆம் தேதி 400-க்கும் மேற்பட்ட நாளிதழ்களில், புகைப்பவர்களுக்கு வெளிப்படையான அறிக்கை என்ற தலைப்பில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. ஆய்வு முடிவுகளில் சந்தேகத்தை எழுப்பியும், மக்கள் நலனே தங்களுக்கு முதன்மை என்று உறுதியளித்தும் எழுதப்பட்ட அறிக்கை அது.

ஆகவே 1954-க்குப் பின் வந்த ஒவ்வொரு லக்கி ஸ்டிரைக் விளம்பரத்தையும், அதை வெளியிட்டவர்களுக்கு அப்போது என்ன தெரிந்திருந்தது என்பதோடு சேர்த்து வைத்தே வாசிக்க வேண்டும். 1964 ஜனவரியில் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை வந்தது. 1971 ஜனவரி 2 முதல் வானொலி, தொலைக்காட்சி விளம்பரங்கள் நின்றன. 2006-இல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், 1,600-க்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட தீர்ப்பில், பெரிய சிகரெட் நிறுவனங்கள் பல பதிற்றாண்டுகளாகப் பொதுமக்களை ஏமாற்றி வந்தன என்று முடிவு செய்தார். நீங்கள் குற்றம்சாட்டும் சொற்களைத் தேடி அலையத் தேவையில்லை. நீதிமன்றம் கண்டறிந்ததை நீதிமன்றத்தின் பெயரிலேயே எழுதலாம்.

உள் ஆவணங்களைத் தேடும் இடம், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகம் நடத்தும் மின்காப்பகம். நிறுவனங்கள் 46 மாநிலங்களோடு 1998-இல் செய்துகொண்ட உடன்பாடும் அக்காலத்து வழக்குகளும் திறந்துவிட்ட லட்சக்கணக்கான தாள்கள் அங்கே உள்ளன. பிராண்ட் பெயரை மட்டும் இட்டுத் தேடினால் குப்பை வந்து குவியும். ஆண்டு வரம்பு, எழுதியவர் பெயர், விளம்பர முகமையின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்துத் தேடுங்கள். பழைய தட்டச்சுத் தாள்களை இயந்திரம் தவறாகப் படித்திருக்கும் என்பதால், எழுத்துப்பிழைகளோடும் ஒருமுறை தேடிப் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் அச்சாகியிருக்கும் வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைத் திறந்தால், அதே கோப்பில் இருந்த அடுத்த கடிதம் கிடைக்கலாம். ஒரு முடிவின் இறுதி வடிவத்தைவிட, பேனாவால் அடித்துத் திருத்திய வரைவே அதிகம் பேசும். இவை வழக்குக்காகக் கேட்டுப் பெறப்பட்டவை என்பதையும் மறக்க வேண்டாம். வழக்குக்குத் தேவைப்படாத அன்றாட வாழ்க்கை அவற்றில் குறைவாகவே இருக்கும்.

காசு கொடுத்துப் பெற்ற இருப்பும் தானாக வந்த இருப்பும்

பண்பாட்டில் ஒரு பிராண்டின் இடத்தைப் பற்றி எழுதும்போது, குறிப்பேட்டில் இரண்டு நெடுவரிசைகள் போட்டுக்கொள்ளுங்கள்: காசு கொடுத்துப் பெற்றவை ஒன்றில், தானாக வந்தவை மற்றதில். ஓவியர் ஸ்டூவர்ட் டேவிஸ் 1921-இல் லக்கி ஸ்டிரைக் பொட்டலத்தின் வடிவத்தையே ஓவியமாகத் தீட்டினார். அது இன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. இது தானாக வந்த இருப்பு. 1993-இல் கெவின் ஷ்வான்ட்ஸ் மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் 500 சிசி உலகப் பட்டம் வென்ற சுசூகி வண்டியில் அந்தச் சிவப்பு வட்டம் இருந்ததும், 1999 முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பிரிட்டிஷ் அமெரிக்கன் ரேசிங் கார்களில் அது ஓடியதும் காசு கொடுத்துப் பெற்றவை; தொலைக்காட்சி விளம்பரத்துக்கான கதவு மூடியபின் கண்டுபிடித்த சன்னல்கள். போர்முகாமின் பெயர் இந்த இரண்டிலும் அடங்காமல் நடுவில் நிற்கும். நடுவில் நிற்பவற்றுக்குத்தான் கூடுதல் விளக்கம் தேவைப்படும்.

பிராண்டின் சரிவையும் இதே கவனத்தோடு எழுத வேண்டும். நோய்ச் செய்தி பரவிய 1950-களில் புகைப்பவர்களில் பலர் பழக்கத்தை விடாமல் வடிகட்டி பொருத்திய சிகரெட்டுகளுக்கு மாறினார்கள்; வடிகட்டி இல்லாத லக்கி ஸ்டிரைக் அந்த அலையில் பின்தங்கியது. வடிகட்டி பாதுகாப்பு தரவில்லை என்பதையும் அதே பத்தியில் எழுதிவிடுங்கள்; இல்லாவிட்டால் வாசகர் அதை ஒரு முன்னேற்றமாக எடுத்துக்கொள்வார்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை

நடையில் ஏக்கம் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "புகழ்பெற்ற", "காலத்தால் அழியாத" போன்ற அடைமொழிகள் வணிகப் பிரிவின் சொற்கள். அவற்றை எடுத்துவிட்டு, எத்தனை ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது, யாரால் வாங்கப்பட்டது என்று எழுதினால் வாக்கியம் தானே நிமிர்ந்து நிற்கும். அதே நேரத்தில், வரிக்கு வரி சாபமிடுவதும் பயன்படாது. புகையிலையால் ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதை உரிய இடத்தில் ஒருமுறை தெளிவாகச் சொன்னால் போதும்.

படங்களில்தான் பலரும் சறுக்குகிறார்கள். புகையிலை விளம்பரத்தை முழுமையாகத் தடைசெய்யுமாறு, 2005-இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை உறுப்பு நாடுகளைக் கேட்கிறது. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதால், வெளியிடும் நாட்டின் விதியை முதலில் பாருங்கள். பழைய விளம்பரத்தை முகப்பில் பெரிதாக வைக்காமல், அதைப் பற்றிப் பேசும் பத்தியின் அருகிலேயே, அளவாக வையுங்கள். படத்தின் கீழ் எழுதும் குறிப்பில் இதழின் பெயர், மாதம், ஆண்டு, வெளியிட்ட நிறுவனம், அந்த வாசகத்தில் எது உண்மையல்ல என்ற ஒரு வரி ஆகியவை இருக்கட்டும். மருத்துவர் விளம்பரம் என்றால், 20,679 என்பது எந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் என்பதை அந்தக் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். கட்டுரையைப் படிக்காமல் படத்தை மட்டும் எடுத்துப் பகிர்பவர்கள்தான் அதிகம்.